தமிழ் நன்றாகப் பேசுகிறான் என்று விட்டுவிடாதீர்கள்: வேற்றுமொழிப் பிள்ளையைப் படிக்க வைப்பது எப்படி

திருப்பூரில் நாங்கள் இருக்கும் லைன் வீட்டுக் காம்பவுண்டில் ஒரு ஒடியாப் பையன் இருக்கிறான். இரண்டாவது படிக்கும் வயதில் வந்தவன், இப்போது ஐந்தாவது. மளிகைக் கடைக்கு அனுப்பினால் "ஏனுங்க்கா, தக்காளி கிலோ எவ்வளவுங்க" என்று இந்த ஊரிலேயே பிறந்தவன் மாதிரி இழுத்துப் பேசுவான். ஒரு நாள் சாயங்காலம் அவன் அம்மா கம்பெனி விட்டு வந்து, இன்றைக்கு 340 பீஸ், பீஸுக்கு ஒரு ரூபாய் இருபது பைசா என்று அவர்கள் மொழியில் சொன்னாள். பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிராமலே "நானூத்தி எட்டு" என்றான். அரை மணி நேரம் கழித்துக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தோம். "ஒரு பேனாவின் விலை ரூ.12 எனில், 34 பேனாக்களின் மொத்த விலை என்ன?" அதே பெருக்கல், அதே நானூற்று எட்டு. பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். கடைசியில் கேட்டான்: "டீச்சரக்கா, எனில்னா யாரு? அனில் மாதிரி பேரா?"

அவனுக்குக் கணக்கு வரவில்லை என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு வராதது "எனில்".

கனடாவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் நாற்பது வருடத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். விளையாட, சண்டை போட, கடைக்குப் போக வேண்டிய மொழி சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும். ஆனால் பாடப் புத்தகத்தையும் கேள்வித்தாளையும் அந்த மொழிக்காரப் பிள்ளைக்கு இணையாகக் கையாள ஐந்திலிருந்து ஏழு வருடம் பிடிக்கும். நடுவில் இருக்கும் அந்த மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான் ஆபத்து. வாய் நன்றாகப் பேசுகிறது, பேப்பரில் மார்க் வரவில்லை, அப்போது எல்லாருக்கும் கைக்கு எட்டும் காரணம் ஒன்றுதான்: பையன் மந்தம், இல்லையென்றால் சோம்பேறி. தமிழில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம், ஏனென்றால் தெருவில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறொன்று. "வந்துட்டாங்க" என்று பழகிய பிள்ளை "வந்துவிட்டனர்" என்பதைப் பார்த்தால் அது புதுச்சொல்தான். நம் பிள்ளைகளுக்கும் அது கஷ்டம், ஆனால் அவர்களுக்கு டிவி செய்தி, கோயில் நோட்டீஸ், வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை என்று நாலு பக்கத்திலிருந்தும் எழுத்துத் தமிழ் காதிலும் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் டீச்சரோ, வீட்டு ஓனரோ, கம்பெனி சூப்பர்வைசரோ, சாயங்காலம் நாலு பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிப் பெண்ணோ, யாராக இருந்தாலும் கீழே இருப்பதில் ஏதோ ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

சேர்க்கும்போது

ஆதார் வேண்டும், டி.சி. வேண்டும், பிறப்புச் சான்று வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால் அந்தக் குடும்பம் மறுபடி பள்ளிப்பக்கம் வராது, ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு என்பதால். அதனால் முதல் தடவையே நீங்களும் கூடப் போங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. டி.சி. தாமதமானாலும் அதைக் காரணம் காட்டக் கூடாது என்பது 5ஆம் பிரிவு. 4ஆம் பிரிவுதான் முக்கியம்: வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். பத்து வயதுப் பையனைத் "தமிழ் தெரியாது" என்று ஒன்றாவதில் உட்காரவைத்தால் அவன் ஆறாவது வருவதற்குள் மீசை முளைத்துவிடும், அதற்கு முன்பே பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போய்விடுவான். இதை எச்.எம். ரூமில் சண்டையாகப் பேசாதீர்கள், "ஏனுங்க சார், வயசுக்குத் தக்க கிளாஸ்ல போட்டுட்டு சாயங்காலம் நாங்க பார்த்துக்கிறோமுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் நடக்கும்.

பேர் எழுதும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். "இனிஷியல் என்ன?" என்பார்கள். அவர்களுக்கு இனிஷியல் கிடையாது, குடும்பப் பேர்தான் கடைசியில் வரும். அவசரத்தில் ஏதோ ஒன்றை எழுதிவிட்டால் ஆதாரில் ஒரு பேர், பள்ளிப் பதிவில் இன்னொரு பேர் என்று ஆகி, பத்தாவது பரிட்சைக்குப் பேர் கொடுக்கும்போது அலையவிடும்.

அப்புறம், என்ன மொழி என்று கேளுங்கள். நாம் எல்லாரையும் "இந்திக்காரன்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வருகிறவர்களில் வீட்டில் சந்தாலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இந்திக்கோ ஒடியாவுக்கோ உறவே இல்லாத மொழி, ஓல் சிக்கி என்று தனி எழுத்து வேறு உண்டு. அந்தப் பிள்ளைக்கு இந்தியே இரண்டாவது மொழி, அவனிடம் போய் யூடியூபில் பொறுக்கிய நாலு இந்தி வார்த்தை பேசிப் பிரயோஜனமில்லை.

முதல் சில மாதம் பிள்ளை பேசாது. சில பிள்ளைகள் அரையாண்டு வரைக்கும்கூட வாயைத் திறப்பதில்லை. பயப்பட வேண்டாம், காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொல்லாதீர்கள். காட்டச் சொல்லுங்கள், எடுத்து வரச் சொல்லுங்கள், படம் வரையச் சொல்லுங்கள். உட்காரவைக்கும்போது ஒரே ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் கடைசி பெஞ்சில் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். அதற்காக ஆளுக்கொரு மூலையில் பிரித்தும் போடாதீர்கள், சந்தேகம் கேட்க அவன் மொழிக்காரன் ஒருவன் பக்கத்தில் இருக்கட்டும், இன்னொரு பக்கம் நல்ல வாயாடியாகப் பார்த்து நம்மூர்ப் பிள்ளை ஒன்று.

எழுத்தும் மூன்று பத்தி நோட்டும்

இந்தி எழுத்து படித்துவிட்டு வரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து குறைவாக இருப்பதுதான் குழப்பம். அங்கே க-வுக்கு நாலு எழுத்து, இங்கே ஒன்று. "காங்கேயம்" என்று எழுதிக் காட்டி, முதலில் இருப்பது வேறு சத்தம், நடுவில் இருப்பது வேறு சத்தம், எழுத்து ஒன்றுதான் என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். பாம்பு, தந்தை இரண்டும் இதற்கு நல்ல சொற்கள். மெல்லெழுத்துக்குப் பக்கத்தில் வந்தால் சத்தம் மாறும் என்பதைப் பிள்ளை இருபது சொல்லில் தானாகவே பிடித்துக்கொள்ளும், விதியாகச் சொன்னால் தூங்கிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. இந்தியிலும் ஒடியாவிலும் குறில் எ, ஒ என்று தனி எழுத்து கிடையாது, அதனால் கொடியும் கோடியும், பெட்டியும் பேட்டியும் ஒன்றாகவே கேட்கும். ஒடியாப் பிள்ளைக்கு ள ஏற்கனவே தெரியும், பீகார்ப் பிள்ளைக்குத் தெரியாது. ழ இரண்டு பேருக்கும் இல்லை, நம்மவர்களில் பாதிப் பேருக்கும் இல்லை என்பது வேறு கதை.

எண்ணிலும் ஒரு சின்னச் சிக்கல். நாற்பத்தைந்தில் நமக்கு நாற்பது முன்னால் வரும். இந்தியில் பைந்தாலீஸ், ஐந்துதான் முன்னால். சொல்லச் சொல்ல எழுதும்போது சில பிள்ளைகள் 54 என்று எழுதுவதற்கு இதுதான் காரணம். கணக்கு தெரியவில்லை என்று அடித்துவிடாதீர்கள்.

அடுத்தது நோட்டு. நான் வைத்திருக்கும் வழி இது, செலவு ஒரு நாற்பது பக்க நோட்டுதான். பக்கத்தில் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாக்குங்கள். முதல் பத்தியில் தெருவில் சொல்வது, இரண்டாவதில் புத்தகத்தில் இருப்பது, மூன்றாவதில் அவர்கள் வீட்டில் சொல்வது, எந்த எழுத்தில் எழுத வருமோ அந்த எழுத்தில். தண்ணி, தண்ணீர், பானி. வந்துட்டாங்க, வந்துவிட்டனர், ஆ கயே. ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும், அதற்கு மேல் போனால் அது இம்பொசிஷன் ஆகிவிடும். மூன்றாவது பத்தியை நிரப்ப அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் பாடத்துக்குள் வந்துவிடுகிறாள். எங்கள் காம்பவுண்டில் ஒரு அம்மா, மகள் வாயால் சொன்ன தமிழைத் தானும் பழகி இப்போது ரேஷன் கடையில் சொந்தமாகப் பேசுகிறாள். நான் அவளுக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து திருப்பி வைத்து இன்னொரு பட்டியல்: கேள்வித்தாள் பேசும் தமிழ். கோடிட்ட இடத்தை நிரப்புக. பொருத்துக. வேறுபடுத்துக. காரணம் கூறுக. எனில், ஆகவே, மீதி, மொத்தம், சமமாகப் பங்கிட்டால், விட அதிகம். மிஞ்சிப் போனால் அறுபது, எழுபது சொற்கள்தான். எந்தப் பாடமானாலும் பரிட்சை முழுக்க இவை மேல்தான் ஓடுகிறது. வேறு எதற்கும் நேரமில்லை என்றால் இது ஒன்றையாவது செய்துவிடுங்கள். "எனில்" பையன் இந்தப் பட்டியலில் மூன்று வாரம் உழன்றான், அப்புறம் மாதத் தேர்வில் கணக்கில் நாற்பதுக்கு முப்பத்தொன்று.

வீட்டில் என்ன பேசுவது

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பீகார்க் குடும்பம், நாலாவது படிக்கும் பெண். சீக்கிரம் வரட்டுமே என்று அம்மாவிடம் "வீட்டிலயும் தமிழ்லயே பேசுங்க" என்று சொன்னேன், அவளும் பாவம் அப்படியே கேட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் வா, சாப்பிடு, படி, தூங்கு. மூன்று மாதம் அந்த வீட்டில் அந்த நாலு வார்த்தைதான். முன்பெல்லாம் பள்ளியில் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும் பெண் அமைதியாகிவிட்டாள், என்னிடமும் பேச்சு குறைந்தது. ஒரு நாள் அந்த அம்மா தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்து, "தீதி, என் பொண்ணைத் திட்டக்கூட எனக்குத் தமிழ் பத்தலை" என்றாள். அன்றைக்கே விட்டுவிடச் சொன்னேன்.

யோசித்தால் நம் ஊரிலேயே பதில் இருந்தது. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் எத்தனை தேவாங்கர் வீடுகளில் இன்றைக்கும் கன்னடம், எத்தனை வீடுகளில் தெலுங்கு? தலைமுறை தலைமுறையாக வீட்டில் ஒன்று, பள்ளியில் தமிழ் என்று படித்து மேலே வந்தவர்கள்தானே. வீட்டு மொழி ஒரு நாளும் அவர்கள் தமிழைக் கெடுக்கவில்லை. நீர் ஆவியாகி மேகமாகி மழையாக வருகிறது என்பது ஒடியாவில் ஒரு தடவை புரிந்துவிட்டால், தமிழில் மறுபடி புரியவைக்க வேண்டியதில்லை, "ஆவியாதல்" என்ற பேரை மட்டும் ஒட்டினால் போதும். ஆகவே பெற்றோரிடம் சொல்ல வேண்டியது: உங்கள் மொழியிலேயே பேசுங்கள், நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், கூலிக் கணக்கைச் சத்தமாகப் போடுங்கள். நமது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு தொடக்கப்பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. 1956இல் சேர்த்தது. திருப்பூரில் ஒடியா வாத்தியார் எங்கே கிடைப்பார் என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான், அதனால்தான் வீட்டையாவது விட்டுவைக்கச் சொல்கிறேன்.

தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். என் கருத்து, தொடக்கப்பள்ளி வரைக்கும் தமிழ். தமிழென்றால் தெரு சொல்லிக்கொடுக்கும், பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிக்கொடுப்பார், பஸ் போர்டு சொல்லிக்கொடுக்கும். இங்கிலீஷுக்கு அந்தக் காம்பவுண்டில் யார் இருக்கிறார்கள்? இரண்டு வருடத்தில் சொந்த ஊர் திரும்புவது உறுதி என்றால் மட்டும் கணக்கு மாறும்.

இன்னொன்று. தமிழ் வந்துவிட்ட பிள்ளை வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடும். ஜி.எச்.சுக்கு, பேங்குக்கு, வாடகைத் தகராறுக்கு, எல்லாவற்றுக்கும் "நீ வா". அதில் பிள்ளைக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் வாரத்தில் ஒரு நாள் பள்ளி போகிறது, தவிர பத்து வயதுப் பெண் டாக்டரிடம் அம்மாவின் மாதவிடாய்க் கோளாறை விளக்கிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் இரண்டு மொழியும் தெரிந்த பெரியவர் ஒருவரை இதற்கென்று பிடித்துவையுங்கள்.

வகுப்பில் எப்படி நடத்துகிறோம்

அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் டூசான் ஊரில் லூயிஸ் மோல் என்பவரும் கூட்டாளிகளும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு வாத்தியார்களை அனுப்பினார்கள், பாடம் நடத்த அல்ல, அந்த வீட்டுக்காரர்களுக்கு என்னென்ன தெரியும் என்று தெரிந்துகொண்டு வர. விவசாயம், கட்டட வேலை, மருந்து, வியாபாரம் என்று அவ்வளவு விஷயம் அங்கே கிடந்தது. நம்மூரில் கேட்டால் என்ன கிடைக்கும்? சைஸ் வாரியாக டஜன் பிரிப்பது, ஒன்றரை ஷிப்ட் சம்பளம் கணக்குப் போடுவது, துணியைத் தொட்டே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) சொல்வது. ஒரு டீச்சர் செக்கிங் வேலை பார்க்கும் அம்மாவைச் சனிக்கிழமை வகுப்புக்குக் கூட்டி வந்து பனியனில் டேமேஜ் கண்டுபிடிக்கச் சொல்லிக்காட்ட வைத்தார், அன்றைக்கு அந்த அம்மாவின் மகள் உட்கார்ந்த உட்காரலே வேறு.

கேலியைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். "வடக்கன்" என்பதை நம் பிள்ளைகள் பெரியவர்கள் வாயிலிருந்துதான் எடுக்கிறார்கள். 1995இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். இது உங்கள் அறிவுத் திறமையை அளக்கும் என்று சொன்னபோது மார்க் இறங்கியது, அப்படிச் சொல்லாதபோது இறங்கவில்லை. "இந்திக்காரப் பசங்களுக்கு எப்பவுமே தமிழ் வராது" என்று தேர்வுத்தாள் கொடுக்கும் நேரத்தில் சொல்வதும் அதே வேலையைத்தான் செய்யும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிப்பதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது பல பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அன்றைக்கு வீடு தேடிப் போய்க் கூப்பிட்ட டீச்சர்களின் வகுப்பில் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

இதுவரை சொன்னது பிழைக்க வந்தவர்களைப் பற்றி. மலையில் பழங்குடிப் பிள்ளைகளின் கதை வேறு. மானுடவியலாளர் ஜான் ஓக்பு சிறுபான்மையினரில் இரண்டு வகை பார்த்தார்: நல்லது கிடைக்கும் என்று தாங்களே விரும்பிக் குடியேறியவர்கள் ஒரு வகை, விருப்பமில்லாமல் கீழே தள்ளப்பட்டவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் அவமானத்தைத் தாங்கிக்கொண்டு பள்ளியை நம்புவார்கள், இரண்டாவது வகையினருக்குப் பள்ளியே அந்த எதிர்ப்பக்கத்து ஆள். சத்தியமங்கலம் மலையில் சோளகர் பிள்ளைகளையும் இருளர் பிள்ளைகளையும் பார்த்தால் இது விளங்கும், காடு அவர்களுடையது, விதியெல்லாம் வேறு யாருடையதோ. அவர்கள் பேச்சு தமிழ் மாதிரியோ கன்னடம் மாதிரியோ காதில் விழுவதால் வாத்தியார் அதைக் கொச்சை என்று நினைத்துத் திருத்துகிறார். இருளமும் சோளகமும் தனி மொழிகள். திருத்துவதை நிறுத்திவிட்டு மூன்றாவது பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே முதல் வேலை பாடமல்ல, ஊர்க்காரர் ஒருவரையாவது பள்ளிக்குள் கொண்டுவருவது. யானை நடமாட்டத்தைப் பார்த்துப் பள்ளி நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம்.

எட்டாவதுக்கு மேல்

எட்டாவது தாண்டினால் பனியன் கம்பெனி கூப்பிடும். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, 18 வரை ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது என்பது 2016 திருத்தத்துக்குப் பிறகான சட்டம், ஆனால் ஒன்பதாவதில் இரண்டு பாடம் ஃபெயிலாகி வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குச் சட்டம் சொல்லிப் பயனில்லை, காசுக் கணக்கைச் சொல்லுங்கள். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், மாதம் 1,000 ரூபாய். இந்த "ஆறு முதல்" என்பதைப் பெற்றோர் மனதில் பதியவையுங்கள், நடுவில் ஊருக்குக் கூட்டிப்போய் இரண்டு வருடம் விட்டால் அந்தத் தொடர்ச்சி போய்விடும். ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: சொந்த மாநிலத்தில் எஸ்.டி., எஸ்.சி. என்று வாங்கிய சாதிச் சான்று இங்கே தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பன்னிரண்டாவது முடிந்த பிறகு தெரிந்தால் மனசு உடைந்துவிடும்.

கடைசியாக ரயில். சத் பூஜைக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போனால் ஒரு மாதம் ஆகிவிடுகிறது, ஹோலி வருவதோ முழுப்பரிட்சைக்கு முன்னால். ஒரு திருவிழாவை மட்டும் போகச் சொல்லிப் பேசிப் பாருங்கள், பெரிய பயணத்தை மே மாதத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். போகும் டிக்கெட்டை எல்லாரும் எடுத்துவிடுவார்கள், திரும்பி வருவதை ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு ஜூலை வரைக்கும் மாட்டிக்கொள்வார்கள். இப்போது முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, அதனால் ஏப்ரல் முதல் வாரத்தில் யாராவது ஒருவர் போனை எடுத்து உட்கார்ந்து ஜூன் முதல் வாரத்துக்குத் தன்பாத் எக்ஸ்பிரஸில் திரும்பும் டிக்கெட்டைப் போட்டுக்கொடுத்துவிடுங்கள். பையில் அந்த மூன்று பத்தி நோட்டையும் வைத்து அனுப்புங்கள், ஊரில் பாட்டி இருப்பாள், மூன்றாவது பத்திக்கு நிறைய சொல் கிடைக்கும்.